மேற்கே சூலம்

அன்புள்ள மகனுக்கு,

ஆகஸ்ட் விடுமுறைக்கு நீ போட்ட பயணத் திட்டம் கிடைத்தது. போனில் வாசிக்கக் கண் இடம் கொடுக்கவில்லை என்று சந்திக் கடையில் கொடுத்துக் கடதாசியில் எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் களுதாவளையில் இருந்து வெளிக்கிடுவது, பொலனறுவையில் காலைச் சாப்பாடு, கண்டியில் மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் நுவரெலியா. இரண்டாம் நாள் வாவியில் படகு, பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி. மூன்றாம் நாள் விடியமுன் எழும்பி ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா. நான்காம் நாள் இறங்கி வந்து இங்கினியாகலைக் குளத்தில் படகேறி யானை பார்ப்பது. நடுவில் ‘இரண்டரை முதல் மூன்று மணி வரை ஓய்வு’ என்றும் போட்டிருக்கிறாய். நான் முப்பத்தைந்து வருஷம் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற அட்டவணையைக்கூட நாங்கள் இவ்வளவு நெருக்கமாகப் போட்டதில்லை.

குறை சொல்லவில்லை. திட்டம் போடத் தெரிந்த பிள்ளை எனக்குப் பிறந்தது புதுமை என்றுதான் சொல்கிறேன். கேட்டுப் பார்த்ததில் சில விஷயம் தெரிந்தது, அதையும் எழுதி வைக்கிறேன். சமவெளியில் அந்தப் பெரிய பள்ளத்தை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டுமாம், பிந்தினால் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், மருமகளிடம் சொல்லிப் பிள்ளைகளின் சாப்பாட்டை டப்பாவில் போடச் சொல். கனடாக் குளிரைக் கண்டவர்களுக்கு நுவரெலியாக் குளிர் என்ன என்று நினைக்காதே, அங்கே ஆகஸ்டில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும். யானைக்காக இங்கினியாகலை வரை போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். கரடியனாற்றில் என் தம்பியின் வட்டைக்கு நெல் முற்றுகிற காலத்தில் வந்தால் யானை தானாக வந்து நிற்கும், அவன்தான் வயலை விட்டு ஓடுவான்.

இரண்டு தடவை நீ கேட்டும் இந்தப் பயணத்துக்கு நான் வரமாட்டேன் என்றேன். முழங்கால் வலி என்றேன். என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, நேற்றும் பிள்ளையார் கோயில்வரை நடந்து போய் வந்தேன். வராததற்குக் காரணம் வேறு. அதை எழுதத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டதுதான்.

நாலாம் பக்கத்தின் அடியில் நீ இப்படி எழுதியிருக்கிறாய்: ‘அப்பா, வான் ஒன்று பேசி வையுங்கள். காத்தான்குடி வான் வேண்டாம். அவர்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள்.’ அதை வாசித்தபோது வழமைபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு போன ஞாயிறு நீ வீடியோவில் கதைக்கும்போது உன் மூத்தவன் முகத்தைப் போனுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு, “அப்பப்பா, காத்தான்குடி வான் லேட்டா வரும். அதுல போக வேணாம்” என்றான். ஐந்து வயதுப் பிள்ளை. காத்தான்குடி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. நீ பின்னால் நின்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, உனக்குத் தெரிந்திருக்காது. அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்தது, மகன். அது பொய் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷம் கழித்து அது என் பேரப்பிள்ளையின் வாயில் இருந்து எனக்கே திரும்பி வந்தபோது, இனிப் பேசாமல் இருந்தால் நான் மனிதனில்லை என்று நினைத்தேன்.

நீங்கள் வர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. விமானம் ஏறமுன் நீ இதை வாசிக்க வேண்டும் என்றுதான் அவசரப்படுகிறேன். வாசித்த பிறகு இந்த வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் அது உன் முடிவு. என் முகத்தைப் பார்க்காமலே அதை எடுக்கிற வசதி உனக்கு இருக்கட்டும்.

உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் பனிச்சங்கேணியில் இருந்து இந்த ஊருக்கு வந்தவன். நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியும், வீடு பெண்ணுக்கு. நாம் இருக்கும் வீடு உன் அம்மாவின் சீதனம். அதன் கிணறு, தென்னை, வேலி எல்லாம் அவளுடையது. நான் ஒரு பெட்டியோடு வந்தேன். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் உன் பெரிய மாமா அடுத்த ஒழுங்கையில் இருந்தார். வேலி எந்த மாதம் அடைப்பது, உன்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது எல்லாம் அவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். தங்கச்சிமேல் உயிர் அவருக்கு, கெட்ட மனிதர் இல்லை. எனக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே அதிகாரம் நல்லநேரம் பார்ப்பது. அதில் மட்டும் எல்லாரும் என்னைக் கேட்பார்கள். அதனால் அதை நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன். எனக்கு அதில் முழு நம்பிக்கை இருந்ததா என்று இப்போது கேட்டால், கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன், அரைவாசிதான் இருந்தது. மிச்ச அரைவாசி மாப்பிள்ளை முறுக்கு.

நுவரெலியாவுக்குப் போகும் ஆசை உன் அம்மாவுடையது. சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்த வாவியின் படம் இருந்தது. சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், ஒரு வெள்ளைப் படகு. “நம்மட ஆறு மாதிரித்தான் இருக்கு, ஆனா குளிரா இருக்கும் என்ன” என்பாள். நம்முடைய வாவியை ஆறு என்றுதான் அவள் வாயில் வரும். சமாதான காலம், சண்டை நின்று பாதை திறந்திருந்தது. நம் வாழ்க்கையில் முதல் தடவையாக, பயணம் என்றால் ஆஸ்பத்திரிக்கும் சாவீட்டுக்கும் இல்லாமல் சும்மா பார்க்கப் போவதும் உண்டு என்று சனங்கள் நினைத்த காலம். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மார்கழி விடுமுறையில் போவதென்று முடிவாயிற்று. பஸ்ஸில் அவளுக்குத் தலைசுற்றும் என்பதால் காத்தான்குடி ஹனீபா காக்காவின் வானைப் பேசினேன், முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்பதால் நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கந்தோர் அலுவலாகக் குளங்களுக்குப் போகும்போதெல்லாம் அவர் வான்தான் வரும், அப்படிப் பழக்கம்.

போவதற்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் பெரிய மாமா வந்தார். வாசலில் நின்றபடியே, “மூணு பேருக்கு ஒரு வானா மச்சான்? சரி, போறதெண்டா விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிடுங்க. ஒங்கட கலண்டரப் பாத்துக்கொண்டிருந்தா நீங்க தைப்பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவீங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், உன் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு நான் நாட்காட்டியின் கீழ்ப்பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். ஞாயிறு, மேற்கே சூலம். அன்றைக்கு மேற்குத் திசைக்குப் பயணம் ஆகாது. நுவரெலியா நமக்கு மேற்கே.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். இதைத்தான் நீ விளங்கிக்கொள்ள வேண்டும். பயத்தால் நான் மறைக்கவில்லை. விடியற்காலை எல்லாரும் ஆயத்தமான பிறகு சொன்னால்தான் என் சொல்லுக்கு மரியாதை இருக்கும் என்று கணக்குப் பார்த்தேன்.

ஞாயிறு விடிய வான் வந்தது. வேலிப் படலைக்கு முன்னால் நின்றது. கழுவித் துடைத்து, யன்னல்களுக்குப் புதுத் திரைச்சீலை போட்டுக் கொண்டுவந்திருந்தார். நீ நல்ல நித்திரை. கடைசி நேரத்தில் எழுப்பினால் போதும் என்று அம்மா உன்னை விட்டிருந்தாள். நான் படலைக்குப் போய், “காக்கா, இண்டைக்கு வேணாம். மேற்க சூலம். நாளைக்குப் போவம்” என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “இத நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணன்” என்றார். பிறகு, “பறவாயில்ல. நாளைக்கி இதே நேரம் வாறன்” என்று சொல்லி வானைத் திருப்பினார். உன் அம்மா பையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். மற்றக் கையில் ஒரு சர்க்கரைத் துண்டு. அவளும் நாட்காட்டியைப் பார்த்துத்தான் இருக்கிறாள். ஞாயிற்றுச் சூலத்துக்குப் பரிகாரம் சர்க்கரை என்று அதிலேயே போட்டிருக்கும். “ஒரு கடி கடிச்சிற்றுப் போவம் என்னப்பா. அதுக்குத்தானே போட்டிருக்கு. வானக் கூப்பிடுங்க” என்றாள். வான் அப்போது ஒழுங்கை முனைக்குக்கூடப் போகவில்லை, நான் கையைத் தட்டியிருந்தால் நின்றிருக்கும். நான், “சொன்னாச் சொன்னதுதான்” என்றேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

பயணம் என்று முதல்நாளே அடுப்பைத் துப்புரவாக்கி, பானை சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தாள். வீட்டில் அரைத்த மா இல்லை, தேங்காய் இல்லை. நீ எழும்பினால் பசி என்பாய் என்று, எட்டு மணிக்குப் பிறகு, கடற்கரைப் பக்கம் இருந்த உன் பெரியம்மாவின் வீட்டுக்கு இடியப்பம் வாங்கிவரப் போனாள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கடல் வருது என்று சனம் ரோட்டைக் கடந்து ஓடிவந்ததும், நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் ஓடியதும், நீ அம்மா அம்மா என்று கத்தி என் கையைக் கடித்ததும் உனக்கு நினைவிருக்கும். பெரியம்மா தென்னையைப் பிடித்துத் தப்பினாள், உன் அம்மா தப்பவில்லை. அடுத்தநாள் பகல் அவளைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது ஹனீபா காக்காவின் வான். அவருடைய வீட்டிலும் சாவு. தன் தாயை அடக்கிவிட்டு வந்துதான் அவர் மற்றவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புதுத் திரைச்சீலையைக் கழற்றித்தான் உன் அம்மாவை மூடிக் கொண்டுவந்தார்.

சாவீட்டில் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு, “வான் வரல்ல அக்கா எண்டு சொல்லிற்று வந்தாளே, வான் வந்திருந்தா என்ட தங்கச்சி இருந்திருப்பாளே” என்று ஒப்பாரி வைத்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் அம்மா அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. புருஷன் சூலம் என்று பயணத்தை நிறுத்திவிட்டான் என்றால் அது பெரிய மாமாவின் காதுக்குப் போகும், அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் இருந்து என்னைக் காப்பாற்ற வான் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்ன கடைசிச் சொற்களில் ஒன்று எனக்காகச் சொன்ன பொய். நீ என் மடியில் இருந்து நிமிர்ந்து, “ஏன் அப்பா நாம விடியப் போகல்ல?” என்று கேட்டாய். வீடு நிறையச் சனம். பெரிய மாமா எனக்கு எதிரில் இருந்தார். நான் சொன்னேன், “வான் வரல்ல மனே.”

அவள் சொன்னது என்னைக் காப்பாற்ற. நான் சொன்னதும் என்னைக் காப்பாற்றத்தான். உண்மை தெரிந்தால் அந்த வீட்டில் எனக்கு இடமில்லை, அவளுடைய ஆட்கள் உன்னையும் எடுத்துக்கொண்டு என்னைப் பனிச்சங்கேணிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். நடந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை ஒரு நியாயமாக உன்னிடம் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஹனீபா காக்கா துக்கம் விசாரிக்க வந்தார். நீ வாசற்படியில் இருந்தாய், உனக்கு இது நன்றாக நினைவிருக்கும். ஏனென்றால் இதை நீ எத்தனையோ தடவை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாய். பெரிய மாமா எழும்பிப் படலைக்குப் போய், “என்ன காக்கா, நீங்க அண்டைக்கு வந்திருந்தா என்ட தங்கச்சி இப்ப உயிரோட இருந்திருப்பாள். ஏன் வரல்ல?” என்று கேட்டார். ஹனீபா காக்கா மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நீ நினைத்துக்கொண்டிருப்பது அவர் வெட்கத்தில் பேசாமல் நின்றார் என்று. இல்லை, நான் வாயைத் திறப்பேன் என்று காத்துக்கொண்டு நின்றார். நான் திறக்கவில்லை. கடைசியில் அவர், “பிழைதான். வர முடியாமப் போயிற்று” என்றார். மாமா கையை ஓங்கிக்கொண்டு போனார், நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பாவம், பெண்சாதியைப் பறிகொடுத்தும் அந்த மனிதனுக்கு எவ்வளவு பொறுமை என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் படலையில் அன்று அது நடந்தது. கூலியாக எனக்கு நல்ல பெயரும் கிடைத்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி. நாலு வருஷம் போய், உனக்குப் பதினாறு வயதான நேரம், இங்கே நிலைமை எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. யார் யாரோ வந்து வீட்டில் எத்தனை பிள்ளை, என்ன வயது என்று கேட்டுப்போனார்கள். டியூசனுக்குப் போன பிள்ளைகள் சைக்கிள் மட்டும் ரோட்டில் கிடக்க இல்லாமல் போனார்கள். உன்னைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், பஸ்ஸில் அனுப்பப் பயம். நான் யாரிடம் போனேன் தெரியுமா? வேறு யாரிடமும் போக எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹனீபா காக்காவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். ‘உள்ளே வாங்க’ என்றார். அந்த விஷயத்தை ஒரு சொல் எடுக்கவில்லை. அடுத்தநாள் காலை வானோடு வந்தார். நீ ஏறமாட்டேன் என்று நின்றாய். ‘அம்மாவைக் கொன்ற வான்’ என்று அவருக்குக் கேட்கவே சொன்னாய். நான் உன் கன்னத்தில் அறைந்து ஏற்றினேன். என் வாழ்க்கையில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவை. அந்த அடியும் உண்மையில் எனக்கு விழவேண்டியது.

மன்னம்பிட்டிச் சோதனைச் சாவடியில் நடந்ததை நீயே அன்று பின்னேரம் போனில் சொன்னாய். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்களாம். உன்னைப் பார்த்து இது யார் என்று ஆமிக்காரன் கேட்டானாம். அவர் தன் தொப்பியைக் கழற்றி உன் தலையில் வைத்து, சிங்களத்தில் ‘என் மகன்’ என்றாராம். பிடிபட்டிருந்தால் உன்னோடு அவரும் போயிருப்பார், அது அவருக்குத் தெரியும். ஹபரணையில் வாங்கித் தந்த தேத்தண்ணியை நீ அவர் பார்க்க நிலத்தில் ஊற்றினாயாம். “அந்தாள் என்னைத் தன்ட மகன் எண்டு சொல்லிற்றார் அப்பா, எனக்கு அருவருப்பா இருந்தது” என்றாய். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு, “சரி மனே, பத்திரமாப் போய்ச் சேந்தியா, அது போதும்” என்றேன். முதல் பொய்யாவது பயத்தில் வந்தது. இந்த மௌனத்துக்கு நான் ஒரு காரணமும் சொல்ல முடியாது.

சண்டை முடிந்த அந்த மே மாதம் ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனை தாய் தகப்பன் பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைந்தார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்கு என் பிள்ளை இருந்தான். கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான். அவன் இருப்பதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவனை இழந்துவிடுவேன் என்று மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இருபது வருஷம் ஓடியிருக்கிறது. ஓட்டியது என் கெட்டித்தனம் இல்லை. எதிரில் நின்றவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

புத்திமதி சொல்லாமல் தகப்பன் கடிதம் எழுதினால் உனக்குச் சந்தேகம் வரும், ஆகவே ஒன்று. உன் மாமனார் மாமியாரிடமும் மைத்துனர்களிடமும் நீ எப்படி நடந்தாலும், ஒரு வீட்டில் உனக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று தோன்றினால் அதை வாயால் கேள். வேறு எதையாவது பிடித்துக்கொண்டு அதை வாங்கப் பார்க்காதே. உன் திட்டத்தில் மருமகளின் விருப்பம் எது, பிள்ளைகளின் விருப்பம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் ஒன்றை மாற்றச் சொன்னால் மாற்று. நான்கு பக்கம் போட்டவன் என்ற பெருமையில் நிற்காதே.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு நான் காத்தான்குடிக்குப் போனேன். ஹனீபா காக்காவுக்கு இப்போது கண்பார்வை குறைவு, வானை மருமகன் ஓட்டுகிறார். கதிரையைத் தடவிப் பார்த்து எனக்கு இழுத்துப் போட்டார். நான் சுற்றிவளைக்கவில்லை. “காக்கா, பொடியன் வாறான். வான் கேக்கிறான். ஒங்கட வான் வேணாமாம். அவனுக்கு எல்லாத்தையும் எழுதப் போறன்” என்றேன். அவர் உள்ளே பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு, “என்னத்துக்கு இப்ப? அந்தப் புள்ள குடும்பத்தோட சந்தோசமா வாற நேரம்” என்றார். நான் அழுதுவிட்டேன், மகன். அறுபத்தெட்டு வயதில் இன்னொருவர் வீட்டில் இருந்து அழுதேன். “அண்டைக்குப் படலையில நீங்க ஏன் காக்கா அப்பிடிச் சொன்னீங்க? நான் பொய் சொன்னா நீங்க உண்மையச் சொல்லியிருக்கலாமே” என்று கேட்டேன். இருபது வருஷமாக நான் கேட்கப் பயந்த கேள்வி அது.

“புள்ள வாசல்ல இருந்திச்சு” என்றார். “தாய் போயிட்டா. நான் உள்ளதச் சொன்னா அந்த இடத்திலயே வாப்பாவும் போயிருவாரு. வான்காரன் ஒருத்தன் போனா அந்தப் புள்ளைக்கு என்ன நட்டம் எண்டு நினைச்சன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்தால் இது தீரும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வரும்போது வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார்.

“எழுதுறதெண்டா ஒண்டு மட்டும் எழுதுங்க. நான் முப்பது வருசம் வான் ஓடினவன். ஒருத்தரையும் காக்க வச்சதில்ல. அண்டைக்கும் அஞ்சு மணிக்கு முன்னமே வந்து நிண்டன் எண்டு தம்பிக்குச் சொல்லுங்க.”

ஐந்து மணிக்கு முன்னமே வந்து நின்றார், மகன். நான் படலைக்குப் போனபோது மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா